ஏழு பொத்தலும் ஒரு மயிலும்

என் மாமியாரிடம் இருந்தது ஒரே ஒரு பட்டுப்புடவை. அதில் ஏழு பொத்தல்களோடு நான் ஒரு நாள் மத்தியானம் திருத்தணி ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கினேன்.

எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். உலகச் சண்டை நடந்த காலம். துணிக்குக் கன்ட்ரோல் வந்திருந்தது. கார்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் முரட்டுத் துணி கிடைக்கும், அதுவும் எல்லா வாரமும் கிடையாது. பட்டு என்ற பேச்சையே எடுக்க முடியாது. என் கல்யாணத்துக்கே நூல் புடவைதான் எடுத்தார்கள். அதனால் ஆனி மாதக் கடைசியில் அரக்கோணத்தில் என் அக்காவுக்கு வளைகாப்பு என்று கடிதம் வந்தபோது, எதைக் கட்டிக்கொண்டு போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமியார் தானாகவே பெட்டியைத் திறந்து, தன்னுடைய அரக்குப் பட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அது சாதாரணமாகக் கொடுக்கிற புடவை இல்லை. ஆவணியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண் ஊர்வலத்தில் கட்டிக்கொள்ள வேண்டியது அந்தப் புடவைதான். வேறு கிடையாது. மாமியார் எனக்கு நிறைய எச்சரிக்கை சொல்லி அனுப்பினார். சாம்பார் ஊற்றிக்கொள்ளாதே, யார் வீட்டுக் குழந்தையையும் மடியில் வைக்காதே, கூட்டத்தில் முந்தானையை விடாதே என்று எல்லாம் சொன்னார். ரயில் எஞ்சினைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் ரயிலில் அதிகம் போனதில்லை.

திரும்பி வரும்போது எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில்தான் இடம் கிடைத்தது. ஜன்னலோரம், வண்டி போகிற பக்கம் பார்த்த இடம். அதிர்ஷ்டம் என்று நினைத்து உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் காற்று என் பக்கம் திரும்பியது. தொடையில் எறும்பு கடித்ததுபோல் சுரீரென்றது. தட்டிவிட்டேன். மறுபடி கையில், முழங்காலில். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து ஜன்னல் கதவை இறக்கிவிட்டு, இப்போது வருகிற கரியெல்லாம் மட்டம், பாதி பொறியாகத்தான் பறக்கிறது என்று சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. புடவையின் உடம்பில் நாலு, முந்தானையில் இரண்டு, கரையை ஒட்டி ஒன்று. ஒவ்வொன்றும் மிளகு அளவிலிருந்து கொத்துக்கடலை அளவு வரை. சுற்றிலும் கருகிய விளிம்பு.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் இல்லை. கே.ஜி.கண்டிகையில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மாமனார் போன பிறகு அதை அவர்தான் பார்த்துக்கொண்டார். காலையில் வண்டியில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நான் புடவையைக் கொஞ்ச நேரம் காற்றாடப் போட்டு, மடித்து என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் அவர் கேட்டபோது, காற்றாடப் போட்டு நானே மடித்து வைத்திருக்கிறேன் என்றேன். பொய் இல்லை. எந்தப் பெட்டியில் என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். நான் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டதாகச் சொல்லி, என்ன விஷயம் என்று கேட்டார். புடவையை எடுத்துப் பிரித்துக் காட்டிவிட்டு அழுதேன்.

அவர் தாலுகா ஆபீஸில் சர்வே பிரிவில் வயல்களுக்குப் படம் வரைகிறவர். எதையும் அளக்காமல் அவரால் பார்க்க முடியாது. என்னைச் சமாதானம் செய்வதற்கு முன்பே ஸ்கேலை எடுத்துவந்து ஒவ்வொரு பொத்தலையும் அளந்தார். கரையிலிருந்து எவ்வளவு தூரம், முந்தானையிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது அவர் கையில் ஒரு படம் இருந்தது. புடவை முழுவதையும் சின்னதாக்கி, ஒரு கிராமத்தின் வரைபடம்போல் வரைந்து, ஏழு பொத்தல்களுக்கும் நம்பர் போட்டிருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"இத்த வெச்சிகினு இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானே இன்னா பண்றதுன்னு தெரியும்" என்றார்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. அரக்கோணத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். தையல் வகுப்பில் பூத்தையல் போடுவதில் எனக்குத்தான் எப்போதும் முதல் மார்க். கைக்குட்டை, தலையணை உறை, மேஜை விரிப்பு எல்லாவற்றிலும் போட்டிருக்கிறேன். பொத்தலின் கருகிய விளிம்பை வெட்டி, உள்பக்கம் அதே நிறத் துணி ஒன்று வைத்துப் பிடித்து, மேலே நெருக்கமாகத் தையல் நிரப்பிவிட்டால் பொத்தல் மறைந்துவிடும். ஆனால் எதை நிரப்புவது? ஏழும் ஏழு இடத்தில் கிடந்தன. அங்கங்கே ஒரு பூ போட்டால் பொத்தலை மறைக்கப் போட்டது என்று கண் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். எனக்குத் தையல்தான் வரும், படம் போட வராது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வரைந்து கொடுப்பார்.

அதனால் அவரை வரையச் சொன்னேன். முதலில் ஒரு கிளி வரைந்தார். அது நாலு பக்கமும் அளந்து எல்லைக்கல் நட்டதுபோல் இருந்தது. மூக்கு சரியான செங்கோணம். மல்லிகைக் கொடி வரைந்தார், அது வாய்க்கால்போல் நேராகப் போய்த் திரும்பியது. பத்துப் பன்னிரண்டு காகிதம் வீணான பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குள் ஆடிக் கிருத்திகை வந்துவிட்டது. எங்கள் தெரு வழியாகத்தான் மலைக்குக் காவடிகள் போகும். இரண்டு நாள் தெரு முழுக்க மஞ்சளும் சாமந்தியும் மேளமுமாக இருந்தது. நான் வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு காவடியிலிருந்து மயிலிறகு ஒன்று உருவிக்கொண்டு விழுந்தது. எடுத்துக் கொடுப்பதற்குள் காவடி கூட்டத்தோடு போய்விட்டது. உள்ளே கொண்டுவந்து மாடத்தில் செருகி வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் அதையே பார்த்தார். எச்சில் கையோடு எழுந்து வந்து பார்த்தார்.

"இது வட்டத்துக்குள்ள வட்டம்" என்றார். "வட்டம் எனக்கு வரும்."

காம்பஸை வைத்து அரைமணி நேரத்தில் ஏழு இறகுக் கண் வரைந்தார். பொத்தல் எங்கே இருக்கிறதோ அங்கே இறகின் நீலக் கண். சுற்றிலும் பச்சை, அதைச் சுற்றிப் பொன்மஞ்சள். அங்கங்கே கிடந்த பொத்தல்கள் இப்போது காற்றில் பறந்து வந்து விழுந்த இறகுகள்போல் ஆயின. முந்தானையில் இருந்த இரண்டையும் சேர்த்து ஒரு மயிலாக்கிவிடலாம், ஒன்று தோகையில், ஒன்று மார்பில் என்று நான் சொன்னேன். மயிலை அவர் வரைந்தார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த கஷ்டம் நூல். ஊரில் எந்தக் கடையிலும் கலர் நூல் இல்லை. என் பள்ளிக்கூடத்து நூல் டப்பாவில் ரோஜா நிறமும் வெள்ளையும்தான் மிச்சம். ரோஜா நிற மயிலை முருகனே ஒப்புக்கொள்ள மாட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் நெசவாளர் ஊரான பொதட்டூர்பேட்டைக்குக் கிளம்பினோம். கல்யாணத்துக்குத் துணி கிடைக்குமா என்று பார்த்துவருகிறோம் என்று மாமியாரிடம் சொன்னோம்.

பெட்ரோலுக்கும் பஞ்சமாக இருந்ததால் அப்போதெல்லாம் பஸ் கரியில் ஓடியது. பின்னால் ஓர் உயரமான பாய்லர். கண்டக்டர் அதில் கரியைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடிப்பார். மேட்டில் ஏறாது, எல்லோரும் இறங்கி நடந்துபோய் மேலே மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். கரி என்றாலே எனக்கு அப்போது நடுக்கம். டிரைவருக்குப் பக்கத்தில் போய், புடவையை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ஊர் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

பொதட்டூர்பேட்டையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம். ஆனால் அன்று பாதி வீடுகளில் சத்தம் இல்லை. நூல் வராமல் தறி சும்மா இருக்கிறது என்றார்கள். அப்படிப்பட்ட ஊரில் போய் நூல் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தம் கேட்ட ஒரு வீட்டில் எட்டிப் பார்த்தோம். கணவர் தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார், மனைவி பக்கத்தில் ராட்டையை வைத்துத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். பாவு நூல் நெய்து முடிந்து துணியை அறுக்கும்போது தறியில் மிஞ்சுமே ஒரு முழம் நூல், அது நீலமும் பச்சையும் மஞ்சளும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"மொழ நூல வெச்சிகினு இன்னாம்மா பண்ணுவீங்க?" என்றாள்.

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். மாமியாருக்குத் தெரியாது என்ற இடத்தில் தறிச் சத்தமும் நின்றுவிட்டது. அவள் உள்ளே போய் ஒரு கூடையைத் தூக்கிவந்து கவிழ்த்தாள். லுங்கி நெய்து மிஞ்சிய துண்டு நூல்கள். நீலத்திலேயே மூன்று விதம் இருந்தது. ஆனால் பருத்தி நூல் பட்டின்மேல் மங்கலாக விழுமே என்று நான் இழுத்தபோது, அவளே வழி சொன்னாள்.

"லேசா கஞ்சி போட்டு நெழல்ல காய வெச்சிடுங்க. அப்பறம் சோழியால தேய்ங்க. மினுக்கும்."

பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். அவளுக்கு அந்த இறகுக் கண் படம் வேண்டுமாம். வாசல் கதவில் ஒட்டிக்கொள்ள. என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து அங்கேயே ஒன்று வரைந்து கொடுத்தார். அவர் வரைந்ததை ஆபீஸ் தவிர வேறு ஒருவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. திரும்பும் வழியில் மேட்டில் இறங்கி நடந்தபோது அவர் நடையே மாறியிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் மாமியார் வண்டி ஏறியதும் என் வேலை ஆரம்பிக்கும். படத்தின் கோடெல்லாம் ஊசியால் குத்தி, புடவையின்மேல் வைத்து, சுண்ணாம்புத் தூளைத் துணியில் முடிந்து ஒற்றினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கிவிடும். பழைய சல்லடையின் கம்பி வலையைப் பிரித்து எடுத்துவிட்டு, அந்த வளையத்தில் புடவையை இழுத்துக் கட்டிக்கொண்டேன். நாத்தனாரை மட்டும் ஏமாற்ற முடியவில்லை, வீட்டிலேயே இருக்கிறவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். முதல் நாளே வந்து பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். இரண்டு இறகு முடிந்ததும் அவள் சொன்னது, "இந்தப் பக்கம் மொட்டையா இருக்குது அண்ணி. இங்கயும் ஒரு பொறி வுழுந்திருக்கலாம்."

ஆறு பொத்தல் மூடிவிட்டேன். கடைசியாக மயிலின் மார்பு மட்டும் பாக்கி. அன்று பார்த்து மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கடலை விதைப்பு நேரம். மழையில் நிலத்தில் வேலை இல்லை என்று மாமியார் பாதியிலேயே திரும்பிவிட்டார். நான் முந்தானையைச் சல்லடையில் கட்டிக்கொண்டு கூடத்து நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், தலையைத் துவட்டிக்கொண்டு அவர் வந்து நிற்கிறார்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். ரயில், ஜன்னல், பொறி என்று எதையோ சொன்னேன். அவர் ஈரக்கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டைப் பிரித்து ஒவ்வொரு இறகாகத் தடவினார். திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தார். மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் முந்தானைக்கு வந்தார்.

"இத்த யாரு வரைஞ்சது?"

"அவருதாங்க அத்தே."

"மயிலு காலு இப்டியா இருக்கும்? கொக்கு மாதிரி நிக்குது." அவர் என்னைப் பார்த்தார். "காலம்பற எழுந்தா அதுங்கள வெரட்றதுதான் என் பொழப்பு. வெதச்ச கடலையப் பொறுக்கறப்ப ஒரு காலு முன்ன, ஒரு காலு பின்ன வெச்சி, கழுத்த வளைச்சி நம்மளத் திருட்டுப் பார்வ பாக்கும். அப்டிப் போடு."

அவ்வளவுதான். திட்டு வருமென்று நான் காத்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. சாயங்காலம் மகன் வந்ததும் அவனை உட்கார வைத்து, எழுந்து தானே மயில்போல் இரண்டடி நடந்து காட்டினார். கழுத்தை வளைத்து ஓரக்கண்ணால் பார்த்தும் காட்டினார். நாத்தனார் சிரித்துச் சிரித்து அடுப்படிக்கு ஓடிவிட்டாள். என் வீட்டுக்காரர் ஸ்கேலை ஒதுக்கி வைத்துவிட்டு, முதன்முறையாக வெறும் கையால் வரைந்தார். நான் பழைய காலைப் பிரித்துவிட்டுப் புதிய காலைத் தைத்தேன். முந்தானையில் நின்றது எங்கள் கண்டிகை நிலத்துக் கடலைத் திருட்டு மயில்.

படுக்கும் முன் மாமியார் ஒன்று மட்டும் சொல்லி வைத்தார். சம்பந்தி வீட்டாரிடம் பொத்தல் என்ற வார்த்தையே வரக்கூடாது. புதிதாகப் பூவேலை செய்த புடவை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீடு ரேணிகுண்டாவில். தெலுங்குக்காரர்கள், தமிழும் பேசுவார்கள், அண்ணி என்பதை மட்டும் வதினா என்பார்கள். ஊர்வலத்தன்று சத்திரத்தில் நாத்தனார் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது பெண்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள். எங்கே வாங்கியது, காஞ்சிபுரமா, இந்தக் காலத்தில் எப்படிக் கிடைத்தது என்று கேள்வி. மாமியார் பிடி கொடுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா பூச்சரத்தோடு வந்தார். பெண்ணுக்கு வைத்துவிட்டு முந்தானையை நீவினார். நீவிய கை நின்றது. அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது எஞ்சின் பொறிதானே?" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வார்த்தையை விடக்கூடாது என்று சொன்ன என் மாமியாரே முன்னால் வந்தார்.

"ஆங், பொறிதான். என் மருமக கட்டிகினு ரயில்ல போனா. ஏழு எடம். அவளே தெச்சா."

சம்பந்தியம்மாள் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு தன் புடவையின் கொசுவத்தை விரித்துக் காட்டினார். வரிசையாக அஞ்சாறு இடத்தில் இழைபோட்டுத் தைத்த தழும்பு.

"எங்க வீட்ல பொத்தல் இல்லாத துணியே கெடையாது வதினா. பையன் சட்டையெல்லாம் சல்லடை. மயில் போடத்தான் யாரும் இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை என்று தெரியும். என்ன வேலை என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. அவர் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் பயர்மேன். யாரோ போய் அவரிடம், உன் பொறிதான் உன் பெண்டாட்டி புடவையைச் சுட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவர் மாலையோடு எழுந்து நின்று, என்ன தேதி, எந்த வண்டி என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அன்று தான் கூடூர் கூட்ஸ் வண்டியில் போயிருந்ததாகவும், வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம் என்றும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு பதில் சொன்னார். சத்திரமே சிரித்தது. அவருக்கு மட்டும் ஏன் என்று புரியவில்லை. என் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

அந்தப் புடவை அவளோடு ரேணிகுண்டாவுக்குப் போனது. கார்த்திகை மாதம் அங்கிருந்து கடிதம் வந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் புடவையைப் பார்த்துவிட்டார்கள், அண்ணியை வரச் சொல்லு என்று நச்சரிக்கிறார்கள், அண்ணன் படங்களையும் எடுத்துவரவும் என்று எழுதியிருந்தாள். அறுவடை முடிந்திருந்ததால் மாமியாரும் என்னோடு கிளம்பினார். ரயிலில் இருவரும் கடைசிப் பெட்டியாகப் பார்த்து ஏறினோம்.

அங்கே பத்து நாள் இருந்தேன். மத்தியானம் ஆண்கள் டியூட்டிக்குப் போனதும் குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் பொத்தல் துணிகளோடு வந்து உட்காருவார்கள். ஒருத்திக்குத் தெலுங்கு, ஒருத்திக்குத் தமிழ், ஒருத்திக்கு இந்துஸ்தானி. ஊசியைப் பார்த்துப் பார்த்தே ஒருவருக்கொருவர் கற்றுக்கொண்டோம். இந்துஸ்தானி பேசிய பெண் கண்ணாடிச் சில்லை வைத்துத் தைக்கிற ஒரு தையல் போட்டாள், அதை நான் அங்கேதான் கற்றேன். என் மாமியார் யாருக்கும் தைக்கவில்லை. ஒவ்வொருத்தி பக்கத்திலும் போய் நின்று, கோழி இப்படி நிற்காது, ஆட்டுக்குக் காது அங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகவே அவரைத் தேடினார்கள்.

ஓர் எஞ்சின் டிரைவரின் மனைவி அவருடைய காக்கிக் கால்சட்டையைக் கொண்டுவந்தாள். முழங்காலில் பெரிய பொத்தல். பூ வேண்டாம், மயில் வேண்டாம், புலி என்றால் போடு என்று டிரைவர் சொல்லி அனுப்பினாராம். என் வீட்டுக்காரருக்கு எழுதினேன். தபாலில் புலி வந்தது. அது நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்த பூனைபோல் இருந்தது. மாமியார் புலியைப் பார்த்ததில்லை என்பதால் அவராலும் திருத்த முடியவில்லை. அப்படியே தைத்துக் கொடுத்தேன். நாங்கள் ஊர் திரும்பிய அன்று எங்கள் வண்டிக்கு அந்தப் புலிக்காரர்தான் டிரைவர். பிளாட்பாரத்தில் எங்களைப் பார்த்ததும் எஞ்சின் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, முழங்காலில் இருந்த புலியைத் தட்டிக் காட்டிவிட்டு, விசிலை இரண்டு தரம் இழுத்தார்.